பழைய ஜீப்பும் வீட்டுப் பட்டறையும்

மோட்டார் வண்டி பழுதடைந்தால் பட்டறைக்கு அனுப்புவதுதான் இன்றைய வழக்கம். அங்கே ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்கிறார்கள். நாமும் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டி வருகிறோம். வண்டிக்குள் என்ன கோளாறு நேர்ந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுவதுமில்லை. இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாத வண்டி ஒன்று உண்டு. அதுதான் பழைய ஜீப். சில ஸ்பானர்கள், ஒரு ஜாக்கி, கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால், அதன் உறுப்புகளில் பெரும்பாலானவற்றை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பார்க்கலாம். மீண்டும் பூட்டவும் செய்யலாம்.

நான் புனே நகரில் என் தாய்மாமா வீட்டில் தங்கிப் படித்து வருகிறேன். அவரிடம் 1968-ஆம் ஆண்டு ஜீப் ஒன்று, பல ஆண்டுகளாக ஓடாமல் தகரக் கொட்டகையில் நின்றிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். "மாப்பிள்ளை, உனக்கு ஓய்விருந்தால் பார். ஆகாது என்றால் தீபாவளிக்குள் எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் மாமா. விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக நாங்கள் அதைப் பழுது பார்த்தோம். அடுத்த தெருவிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் எங்களுக்கு ஆசானாக அமைந்தார். எல்லோரும் அவரைக் 'காகா' என்று அழைக்கிறார்கள். மராத்தியில் அது சிற்றப்பாவைக் குறிக்கும் சொல். தமிழ்க் காதுகளுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும்! அவரிடமும் அந்த வண்டியிடமும் கற்றவற்றை நம் மன்றத்து நண்பர்களுக்கு இங்கே விளக்க முயல்கிறேன்.

ஜீப் பிறந்த கதை

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடியதுமான ஒரு சிறு வண்டியைத் தேடியது. பான்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் பெருமளவில் செய்யத் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. போர்முனையில், சேற்றுக்கு நடுவே நின்று பழுது பார்க்க வேண்டிய வண்டி அல்லவா? ஆகவே அதில் நுணுக்கமான அலங்காரங்களுக்கு இடமில்லை.

போருக்குப் பின், 1945-இல், பொதுமக்களுக்கான ஜீப்பை வில்லிஸ் கம்பெனி வெளியிட்டது. இந்தியாவில் மகிந்திரா கம்பெனியார் 1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கி, பின்னர் இங்கேயே உற்பத்தியும் செய்தார்கள். அணை கட்டிய பொறியாளரும், காட்டிலாகா அதிகாரியும், போலீசாரும் ஏறிச் சென்ற வண்டி இதுதான்.

மாமாவின் வண்டி சி.ஜே. 3பி என்ற வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இவ்வகை 1953-இல் வந்தது. இதன் முன்மூடி மற்ற ஜீப்புகளுடையதைவிட உயரமானது. காரணம் உள்ளே இருக்கும் எஞ்சின். 'ஹரிக்கேன்' எனப்படும் இந்த 2.2 லிட்டர் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் நுழையும் வால்வுகள் தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலும் அமைந்துள்ளன. அதனால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சினை மூட முன்மூடியும் உயர்ந்தது.

ஓடுமுன் நிற்க வேண்டும்

பழைய வண்டி ஒன்று கையில் கிடைத்ததும், எஞ்சினை உறும வைத்துப் பார்க்கவே எல்லோருக்கும் ஆசை எழும். அடுத்த ஆசை, பளபளவென்று வர்ணம் பூசுவது. காகா இரண்டையும் தடுத்துவிட்டார். "முதலில் பிரேக், பிறகு எஞ்சின், கடைசியில் வர்ணம்" என்பது அவர் வகுத்த வரிசை. இந்த வரிசைக்குப் பின்னால் உயிர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது.

காலால் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் மேல் அழுத்துகிறது. இன்றைய கார்களில் இந்தக் குழாய் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று காப்பாற்றும். பழைய ஜீப்பில் இருப்பதோ ஒரே வழி. ஏதேனும் ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் கப் கிழிந்தால் போதும்; நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். சிங்ககட் கோட்டையின் இறக்கத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களையும் கழற்றி, உட்புறம் கீறலோ குழியோ இருக்கிறதா என்று பார்த்தோம். ரப்பர் பாகங்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் விட்டு வைக்கவில்லை. தேய்ந்த டிரம்களைப் போசரியில் ஒரு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினோம். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பிறகு குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் நம் கால்வலிமை அதை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது முறை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவியானால், பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். தவறிப்போய் எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால், ரப்பர் கப்புகள் உப்பிக் கெட்டுவிடும்.

கைப்பிரேக்கின் விசித்திரம்

இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்பக்கம் செல்லும் சுழல்தண்டின் மேல் இருக்கிறது. அதில் ஒரு நன்மை உண்டு. பின் அச்சின் பல்சக்கர விகிதம் 5.38. ஆகவே தண்டைப் பிடிக்கும் விசை சக்கரத்தில் ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. சின்னஞ்சிறு டிரம் முழு வண்டியையும் மேட்டில் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பஞ்சர் ஒட்டுவதற்காகப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுழல்தண்டு அசையாமல் இருந்தாலும், டிஃபரென்ஷியல் என்ற அமைப்பு இருப்பதால் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும், தரையிலுள்ள சக்கரம் எதிர்த் திசையிலும் சுழல முடியும். அதாவது, கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும்! எனவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜீப்பைத் தூக்கக் கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்கவும் கூடாது.

துருவோடு போர்

இரும்பு, நீர், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் வேகம் அதிகம். ஜீப்பில் தரைத்தகட்டின் அடியிலுள்ள மடிப்புச் சட்டங்களில் சேறு தங்கி, மழைக்காலம் கழிந்த பின்னும் ஈரத்தைக் காத்துவைத்திருக்கும். ஆகவே வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றும் தகடு கீழே பொத்தலாகியிருக்கும். திருப்புளியால் குத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். பொத்தலான இடத்தில் பட்டி வைத்து மறைப்பவர்கள் உண்டு. அது இரண்டு மழைக்குத் தாங்காது. அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே சரி. ஜீப்பின் உடல் பெரும்பாலும் தட்டையான தகடுகளால் ஆனதால், ஒரு நல்ல டிங்கர் இதை எளிதில் முடித்துவிடுவார்.

சிறு பாகங்களின் துருவை நீக்க இரசாயன மாணவர்களுக்கு உகந்த முறை ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 10 கிராம் அளவில் சலவைச் சோடாவைக் கரைக்கவும். துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடவும். சில மணி நேரத்தில் துரு கரியாக நெகிழ்ந்து, பிரஷால் தேய்த்தால் உதிரும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் தீ கூடாது. நேர்முனையில் எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியக் கூட்டுப்பொருள் உண்டாகும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வரும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகுப் பாகங்களை இம்முறைக்கு உட்படுத்தலாகாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை நொறுங்கச் செய்துவிடும்.

எஞ்சினை எழுப்புதல்

நெடுநாள் உறங்கிய எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் முன்பக்கத்துத் துளையில் ஹேண்டிலைச் செருகிக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். பிளக்கைப் பூட்டி ஹேண்டில் போடும் நாளில், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் பிழைக்கும்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவை: சரியான கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய அமுக்கம். தீப்பொறிக்கு உரிய 'பிளாட்டினம்' இடைவெளி 0.020 அங்குலம். பெயர்தான் பிளாட்டினம், உள்ளே இருப்பது டங்ஸ்டன். பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வுக்கு 0.018 அங்குலமும் புகைவால்வுக்கு 0.016 அங்குலமும் இடைவெளி வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வேண்டிய கருவி, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஃபீலர் கேஜ். நாங்கள் அதைப் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் வாங்கினோம்.

பெட்ரோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 1960-களில் செய்த ரப்பர் டயஃப்ரம்களும் ஹோஸ்களும் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, பிளந்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைக் கசியவிடக்கூடும். எத்தனாலைத் தாங்கும் புதியவற்றை மாற்றிவிடுவது கட்டாயம்.

நான்கு சக்கர விசை

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு லீவர்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கு விசையைச் சேர்ப்பது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுவது. முதற் கியரின் விகிதம் 2.8, இந்தக் கூடுதல் கியர் 2.46, அச்சு 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். வண்டி மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தில்தான் போகும். ஆனால் செங்குத்தான மேட்டிலும் ஏறும்.

இந்த முன்சக்கர விசையைக் காய்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. முன்தண்டும் பின்தண்டும் பிணைக்கப்பட்டிருப்பதால், இந்த வேறுபாட்டை ஏதேனும் ஒரு டயர் சறுக்கித்தான் ஈடு செய்ய வேண்டும். சேற்றில் டயர் சறுக்கும், தார்ச்சாலையில் சறுக்காது. அப்போது முறுக்கம் முழுவதையும் தண்டுகளும் பல்சக்கரங்களும் சுமக்கின்றன. நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்பதும் இதே காரணத்தால்தான்.

காப்பாற்றும் வழி

தனியார் வண்டிகளுக்கு முதற் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஏழு மாத உழைப்புக்குப் பின் மாமாவின் ஜீப் அச்சோதனையில் தேறியது. 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டி எனத் தனியே பதிவு செய்யவும் இடமுண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. மாமா பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டார். தில்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கென்று தனி விதிகள் இருப்பதால், அங்குள்ள நண்பர்கள் வண்டி வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

பழுது பார்த்து முடித்ததோடு வேலை தீராது. வாரந்தோறும் எஞ்சின் ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில் ஆகியவற்றின் மட்டத்தைப் பாருங்கள். மாதந்தோறும் எல்லா நிப்பிள்களிலும் புதுக் கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். ஓடையைக் கடந்து வந்தால் மறுநாளே அச்சிலுள்ள ஆயிலைச் சோதியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். கியர்பெட்டிக்கு ஆயில் வாங்கும்போது, பித்தளைப் பாகங்களை அரிக்காத ஜி.எல். 4 வகையைக் கேட்டு வாங்குங்கள். இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். நாளை அந்த வண்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமற் போனாலும், எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.