ஒட்டாத உலோகம்

முறிந்த எலும்புக்குத் தகடு பொருத்தும் வழக்கம் எந்த நோக்கத்தோடு பரவியது என்பதை நினைவில் கொண்டால்தான், அத்தகட்டின் மேற்பரப்பைக் குறித்து இன்று ஆராய்ச்சியாளர்கள் இத்தனை சிரத்தை எடுத்துக்கொள்வதன் காரணம் விளங்கும். மாவுக்கட்டுக்குள் வாரக்கணக்கில் அசைவற்றுக் கிடந்த கையும் காலும், எலும்பு கூடிய பின்னரும் மூட்டு இறுகித் தசை மெலிந்து உபயோகமற்றுப் போவதைக் கண்டு மனம் நொந்த ஸ்விட்சர்லாந்து வைத்தியர்கள் சிலர், மாரிஸ் மியூலர் முதலியோர் முன்நிற்க, 1958-ஆம் ஆண்டு பீல் நகரில் ஒரு சங்கமாகக் கூடினர். முறிவைத் தகடும் திருகும் கொண்டு உறுதியாகப் பிணைத்துவிட்டு, அந்த அங்கத்தைக் கூடிய விரைவில் அசைய விடவேண்டும் என்பதே அவர்கள் வகுத்த கொள்கை. அசைவு லட்சியம், தகடு அதற்குச் சாதனம்.

அந்தச் சாதனமே சில இடங்களில் லட்சியத்துக்கு இடையூறாகிறது. சத்திரசிகிச்சையால் உண்டாகும் காயத்தில் ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் நுண்ணிய இழைவலை படர்கிறது. அதைப் பற்றிக்கொண்டு நார்த்திசுவை உண்டாக்கும் செல்கள் வந்து குடியேறி, கொலாஜனைச் சுரந்து தழும்பை வளர்க்கின்றன. காயம் ஆறுவதற்கு இது இன்றியமையாதது. ஆயினும் அத்தழும்பு ஒரு பக்கம் உலோகத்தையும் மறுபக்கம் தசைநாணையும் பற்றிக்கொண்டுவிட்டால், ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல ஓடவேண்டிய நாண் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. விரலின் அடிக்கணுவில் இந்த அபாயம் மிகுதி; ஏனெனில் அங்கே விரலை நிமிர்த்தும் நாண், இடையில் தசையோ போதிய கொழுப்போ இன்றி, எலும்பின் முதுகின்மேலேயே அகன்று படிந்திருக்கிறது. எக்ஸ்-ரே படத்தில் எலும்பு செவ்வனே கூடியிருக்க, விரலோ மடங்க மறுக்கும். ஒட்டை விடுவிக்க இரண்டாம் முறையும் கத்தி வைக்க நேரும். அத்தகைய சிகிச்சையைப் பூரண வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டைட்டேனியத்தின் விஷயத்தில் இந்தச் சிக்கல் அதன் சிறந்த குணத்திலிருந்தே பிறக்கிறது. 1952-இல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகப் பொருத்திய டைட்டேனியக் கருவியை மீட்கப் போனபோது, எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருப்பதைக் கண்டார். செயற்கைப் பல்லைத் தாடையில் ஊன்றும் வித்தை அதிலிருந்து வளர்ந்தது. பல்லுக்கு வரமாக இருக்கும் இப்பற்று, நாணுக்கு அருகே சாபமாகிறது. உலோகத்தின் இயல்போடு அதன் மேற்பரப்பும் இதில் பங்கு கொள்கிறது: வழக்கமான டைட்டேனியத் தகட்டில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மேடுபள்ளங்கள் திசுவுக்குப் பிடிமானம் தருகின்றன, மின்முறையில் மெருகிட்ட எஃகின் வழவழப்போ அத்தகைய பிடிமானத்தைத் தருவதில்லை. அதனால்தான் தாவோஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில், டைட்டேனியத்தையும் எஃகுபோல் மெருகிட்டுப் பார்க்கும் முயற்சி நடைபெற்றது.

மெருகுக்கு அப்பால் பூச்சுகளும் உண்டு. வைரத்தை ஒத்த கடினமுள்ள கரிமப் படலம் ஒருவகை. நம் மூட்டுநீரிலேயே உள்ள ஹயலூரானிக் அமிலத்தை நாணுக்கும் தகட்டுக்கும் நடுவே வழுக்குத் திரையாக நிறுத்துவது மற்றொரு வகை. நீரை ஈர்த்துத் தன்மேல் தேக்கிக்கொண்டு, புரதங்கள் படிவதைத் தடுக்கும் பாலிமர்ப் படலம் இன்னொன்று. திருகு முடுக்கும்போது கீறல் விழாமலும், உரிந்து துகளாகாமலும் அவை நிலைக்கவேண்டும். கரைந்துபோகும் பூச்சானால், தழும்பு உருவாகும் ஆரம்ப வாரங்களிலேனும் காவல் நிற்கவேண்டும்.

ஒட்டாமை எங்கும் நன்மை என்று கொள்வதற்கும் இல்லை. திசு பற்றாத மேற்பரப்பைச் சுற்றி நார்ப்பை ஒன்று உருவாகி, அதற்கும் உலோகத்துக்கும் இடையே திரவம் தேங்கக்கூடும். அங்கே கிருமி புகுந்தால், ரத்தத்தின் வழியே வரும் பாதுகாவலர்கள் அதை எளிதில் அணுக முடியாதே என்னும் அச்சம் நியாயமானது. ஆகவே நாண் உராயும் இடத்தில் வழவழப்பும், மற்ற இடத்தில் பற்றும் அமைவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். மணிக்கட்டில் எலும்பின் விளிம்பைத் தாண்டித் துருத்தி நிற்கும்படி வைத்த தகடு, எவ்வளவு மெருகுடையதாயினும், நாளடைவில் கட்டைவிரலின் நாணைத் தேய்த்து அறுத்துவிடக்கூடும். வைத்த இடத்தின் பிழையை எந்தப் பூச்சும் திருத்தாது.

தகட்டை என்றேனும் எடுக்கவேண்டிய நோயாளிகளுக்கு இந்த ஆராய்ச்சி இன்னொரு விதத்திலும் உதவுகிறது. டைட்டேனியத் திருகை எலும்பு இறுகப் பற்றிவிடுவதால், கழற்றும்போது அதன் தலை தேய்ந்து, சில வேளைகளில் திருகே முறிந்து, வைத்தியர் எலும்பைக் குடைய நேர்கிறது. செம்மறியாடுகளில் நடந்த சோதனைகளிலோ, மெருகிட்ட திருகுகள் குறைந்த விசைக்கே கழன்று வந்தன.