இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் அதன் பழுதுநீக்கமும்

ஜன்னல் என்னுஞ் சொல் போர்த்துக்கீசியர்பால் நாம் பெற்றது. அவர் கப்பல் நம் கரையைச் சேருமுன்னர்த் தமிழர் அதனைப் பலகணி என்றும் காலதர் என்றும் வழங்கி வந்தனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆகவே காலதராவது காற்று வரும் வழி என்பதாம். மடவார் வளாகத்தைச் சூழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளைப் பார்ப்போர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். காற்றுக்கு இடங்கொடுத்துக் கள்வர்க்கு இடங்கொடாத இரும்புக் கம்பிகளும், மழைக்கும் இரவுக்கும் அடைத்துக்கொள்ள மரக்கதவுகளுமே அங்குள்ளன. ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட ஜன்னலோ, காற்றுக்குச் சிறிதும் வழிவிடாமையையே தன் பெருமையாகக் கொண்டது. அதற்குக் காலதர் என்னும் பெயர் பொருந்தாது.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் குளிர்நாட்டில் பிறந்தது. நியூயார்க் நகரத்து ஸ்டெட்ஸன் என்பார், இரு கண்ணாடிகளை இடைவெளிவிட்டு ஓரங்களில் ஒட்டி மூடும் முறைக்கு 1865-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தினிடம் உரிமைப்பத்திரம் பெற்றார். இலண்டனிலும் டொரான்டோவிலும் குடிபுகுந்த நம் பழைய மாணவர்களது இல்லங்களில் இது சாதாரணமான பொருள். நம் நாட்டிலோ குளிர்சாதனம் பொருத்திய மனைகளிலும், தெருவின் ஓசையைக் குறைக்க விரும்புவோரது வீடுகளிலும் இது மெல்ல மெல்ல நுழைந்து வருகின்றது. எங்கிருப்பினும் இதன் பழுதுகள் ஏறக்குறைய ஒரு தன்மையனவே. அவற்றுள் வீட்டுக்காரர் தாமே நீக்கிக்கொள்ளத்தக்கன எவை, எவ்வளவு முயன்றாலும் நீக்கவொண்ணாதன எவை என்பதை அறியாமையால், சிலர் வீண்செலவு செய்கின்றனர். சிலர் வீண்முயற்சி செய்கின்றனர். கண்ணாடி ஒன்று மங்கியதற்காக ஜன்னல் முழுவதையும் பெயர்த்தெறிந்து புதிது வைக்குமாறு சொல்லும் வியாபாரிகளும் உளர். ஆகலின் இதன் அமைப்பை முதற்கண் அறிதல் நலம்.

கண்ணாடி வெப்பத்தைத் தடுப்பதன்று. அசைவற்று நிற்கும் காற்றே தடுப்பது. கண்ணாடியைக் காட்டிலும் காற்று ஏறக்குறைய நாற்பது மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும். இரு கண்ணாடிகட்கு நடுவே 12 முதல் 16 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடுவது வழக்கம். இடைவெளி மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணற்க. மிக அகன்றால் உள்ளிருக்கும் காற்று சுழன்று ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்லத் தொடங்கிவிடும். ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு பாகை வெப்பவேற்றுமைக்கு ஏறத்தாழ 5.7 வாட்டு வெப்பம் கடக்குமாயின், இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 வாட்டு அளவாகப் பாதியாகின்றது. காற்றுக்குப் பதிலாக ஆர்கன் வாயுவை நிரப்பிக் கண்ணாடியின் ஒரு முகத்தில் கட்புலனாகாத உலோகப் பூச்சும் இட்டால் 1.2 வாட்டு அளவிற்குங் குறையும்.

கண்ணாடிகளின் ஓரத்தைச் சுற்றி உள்ளீடற்ற அலுமினியச் சட்டம் ஒன்று நடுவே நிற்கும். அதனுள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைக்கப்பட்டிருக்கும். நம் இரசாயனச் சாலையில் உலர்த்துகலத்தின் அடியில் கால்சியம் குளோரைடு செய்யும் வேலையை இங்கே இம்மணிகள் செய்கின்றன. சட்டத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே பியூட்டைல் பசையும், அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கான் பசையுமாக இருவகை அடைப்பு உண்டு. இவ்வடைப்பே இதன் உயிர்நிலை. பகலின் வெயிலில் உள்ளிருக்கும் வாயு விரிந்து கண்ணாடிகளைப் புறத்தே தள்ளும். இரவிற் சுருங்கி உள்ளே இழுக்கும். இவ்வாறு நாள்தோறும் மூச்சுவிடுவதுபோல் அசைதலால் ஓரத்துப் பசை மெல்ல மெல்லத் தளர்கின்றது. நன்கு செய்தது இருபது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். குறைபடச் செய்தது சில ஆண்டுகளிலேயே கெடும்.

இனிப் பழுதுகளுட் பெரிதும் காணப்படுவதாகிய நீர்ப்படலத்தைக் கூறுவோம். கண்ணாடி வியர்த்து மங்குகின்றது என்று கண்டவுடன், அந்நீர் எந்த முகத்தில் நிற்கின்றது என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். இவ்வொரு சோதனை பாதி வைத்தியத்திற்குச் சமம்.

அறைப்பக்கத்து முகத்தில் நீர் நிற்பின் ஜன்னலிற் பிழையில்லை. அறையின் காற்றில் ஈரம் மிகுந்துளது என்பதே பொருள். இலண்டனில் மாரிக்காலத்தில் கதவுகளையெல்லாம் அடைத்து, உள்ளேயே சோறு வடித்து, உள்ளேயே துணி உலர்த்துவோர் வீட்டில் விடியற்காலையில் இது தவறாது நிகழும். அடுக்களையில் ஆவி வெளியேற விசிறியும், நாள்தோறும் சிறிது நேரம் கதவு திறந்துவைத்தலுமே இதற்கு மருந்து. பழங்காலதரின் பெருமை இங்கே நினைவுக்கு வருகின்றது.

வெளிமுகத்தில் நீர் நிற்பின் அதுவும் பழுதன்று. குளிர்நாட்டில் அது ஜன்னல் நன்கு வேலை செய்கின்றது என்பதற்குச் சான்று. அறையின் வெப்பம் வெளிக்கண்ணாடியை எட்டாமையாலன்றோ அங்கே பனி படிகின்றது? நம் கடற்கரை ஊர்களில் குளிர்சாதனம் ஓயாது ஓடும் அறைகளிலும் வெளிமுகம் வியர்ப்பதுண்டு; ஆனால் அதற்குக் காரணம் வேறு. அங்கே அறையின் குளிர்ச்சி கண்ணாடிவரை எட்டி, வெளியிலுள்ள ஈரக்காற்றை நீராக்குகின்றது. குளிர்ச்சியின் அளவைச் சிறிது குறைத்தால் அது நீங்கும்.

இரு முகங்களையுந் துடைத்தும் மங்கல் போகாதாயின் நீர் நடுவில் உள்ளது. அடைப்பு உடைந்து, ஈரமுறிஞ்சும் மணிகள் நிறைந்து போயின என்று தெளிக. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. வெந்நீர்த் துணியால் ஒற்றுதலும், சூடான காற்றை வீசுதலும், ஓரத்திற்குப் புதிய பசை தடவுதலும் சில நாட்களுக்கு ஆறுதல் தருமேயன்றி வேறு பயன் தரா. உள்ளே புகுந்த ஈரத்தைப் புதிய பசை உள்ளேயே சிறைவைக்கும். கண்ணாடியிற் சிறு துளையிட்டு உலர்ந்த காற்றைச் செலுத்தித் தெளிவாக்கித் தருவாரும் மேனாடுகளில் உளர். பார்வை தெளியலாம், போன ஆர்கன் திரும்பாது, தீர்ந்த மணிகளும் புதியன ஆகா.

ஆயினும் சட்டத்தை மாற்றவேண்டுவதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சட்டமும் கீல்களும் உறுதியாயிருப்பின் கண்ணாடி இணையை மாத்திரம் புதிதாகச் செய்வித்து அதே சட்டத்தில் வைக்கலாம். கண்ணாடியைப் பிடித்து நிற்கும் மெல்லிய பட்டைகளைத் தச்சர் பீடிங் என்பர். அவற்றுள் நீண்டனவற்றை முதலிலும் குறியனவற்றைப் பின்னும் மழுங்கிய தகட்டால் நெம்பி எடுக்க. திரும்ப வைக்கும்போது குறியன முதலாக. அளவெடுக்கையில் அகலம், உயரம் ஒவ்வொன்றையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவைக் கொள்க. கண்ணாடி சட்டத்தை நேரே தொடாமல் நாற்புறமும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே அளவு குறிக்க வேண்டும். கனம் கூறும்போது ஒரு கண்ணாடியின் கனத்தை மட்டுங் கூறாது, முதற்கண்ணாடி, இடைவெளி, இரண்டாங்கண்ணாடி என மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொடுக்க. இதில் மறதியால் ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலும் பீடிங் தன் இடத்தில் ஏறாது.

பூச்சு உண்டா என்பதை அறிய இனிய சோதனை ஒன்றுண்டு. இரவில் மெழுகுவர்த்திச் சுடரைக் கண்ணாடியருகே பிடித்துச் சற்றுச் சாய்வாக நோக்குக. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரு முகங்கள் ஆதலின் நான்கு சுடர்கள் தோன்றும். நான்கும் ஒரே நிறமாயின் பூச்சில்லை. ஒன்று மட்டும் நிறம் வேறுபட்டுத் தோன்றின் அம்முகத்தில் பூச்சுளது. வெளியிலிருந்து எண்ணுகையில், வெயில்நாட்டில் அது இரண்டாம் முகத்திலும், குளிர்நாட்டில் மூன்றாம் முகத்திலும் இருத்தல் முறை. கண்ணாடி இணையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி வைத்துவிடும் தொழிலாளர் இல்லாமலில்லை. ஆதலால் வேலை முடிந்த அன்றிரவே சுடர் பிடித்துப் பார்த்துவிடுதல் நன்று. நம் மாணவர்கள் பௌதிக வகுப்பிற் கற்ற ஒளிப்பிரதிபலிப்பு வீட்டிற் பயன்படும் இடம் இது.

கண்ணாடியின் பாரத்தையும் எண்ணிப் பார்த்தே கைவைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ நிறையுடையது. 5 மில்லிமீட்டர்க் கண்ணாடிகள் இரண்டாயின் சதுர மீட்டருக்கு 25 கிலோ. மாடிச் ஜன்னலில் இதனைத் தனியொருவராய்த் தூக்க முற்படுவது தகாது. மூலையில் சிறு முத்திரை பதித்த பதப்படுத்திய கண்ணாடியைப் பின்னர் அறுக்கவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் முழுதும் சிறு துண்டுகளாய்ச் சிதறும்.

மழைநீர் வீட்டினுள் வருகின்றது என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் குறை. இதற்குக் கண்ணாடியைக் குற்றங்கூறுவோர் பலர். சட்டத்தின் கீழ்ப்பாகத்தில் வெளிப்புறமாக நீர் வடிவதற்குச் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். சட்டத்திற்குள் சிறிது நீர் புகுவது இயல்பே. புகுந்த நீர் இத்துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதே அமைப்பு. மேற்கு மலைத்தொடரினின்று இறங்கும் ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொணர்ந்து இவற்றை அடைத்துவிடுகின்றது. சில வீடுகளில் கொத்தனாரே சிமெண்டுப் பூச்சால் அடைத்துவிடுகின்றார். ஐப்பசி மழை வந்ததும் நீர் வெளியேற வழியின்றிப் பொங்கி வீட்டினுள் வடிகின்றது. அதனினுங் கேடு, தேங்கிய நீரில் கண்ணாடியின் கீழோரம் ஊறி மேற்சொன்ன அடைப்பையே அழித்துவிடும். ஆகவே புரட்டாசியிலேயே தூரிகையாலும் மெல்லிய கம்பியாலும் துளைகளைத் துலக்கி, ஒரு தம்ளர் நீரை உட்சட்டத்தில் ஊற்றி, அது வெளியே வடிகின்றதா என்று பார்த்துக்கொள்க. காசு செலவில்லாத இவ்வேலை, கண்ணாடியின் ஆயுளைக் கூட்டுவதில் மற்றெல்லாவற்றினும் சிறந்தது என்பது எம் கருத்து.

சுவருக்கும் நிலைக்கும் இடையிலுள்ள வெடிப்பை அடைக்கச் சிலிக்கான் பசை பூசுவோர், காடியின் நாற்றம் வீசும் வகையைக் கண்ணாடி இணையின் ஓரத்தில் படவிடாதிருப்பாராக. அது உள்ளடைப்பைத் தாக்கக்கூடும். நடுநிலைப் பசை எனக் கடையில் வேறு கேட்டு வாங்கலாம்.

காற்று சீழ்க்கையடித்துக்கொண்டு நுழையின், கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை இறுகிப்போயிற்று என்க. பழைய பட்டையில் ஒரு துண்டை அறுத்துக் கடைக்குக் கொண்டுபோய் அதே வடிவினதை வாங்கி, இழுத்து நீட்டாமல் சிறிது தளர்வாகவே அமுக்கி வைக்கவேண்டும். இழுத்து வைத்தது பின்னர்ச் சுருங்கி மூலைகளில் வாய்பிளக்கும்.

கதவு சிக்குதல் வேறொரு குறை. பிளாஸ்டிக் சட்டங்கள் மரத்தைவிட மிகுதியாக வெப்பத்தில் விரிவன. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சட்டம் இருபது பாகை வெப்ப மிகுதியில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். மேற்குநோக்கிய கதவு காலையில் எளிதாய் மூடிப் பிற்பகலிற் சிக்குவதற்கு இதுவே காரணம். மரக்கதவு மழைக்காலத்தில் உப்பிச் சிக்கும்போது உடனே இழைப்புளியிட்டுச் சீவுவோர் கோடையில் இடைவெளி கண்டு வருந்துவரன்றோ? இதற்கும் அவ்விதியே, நடுத்தர வெப்பமுள்ள வேளையில் பார்த்துத் திருத்துக. நகரும் கதவாயின் முதலில் தடத்தின் புழுதியை நீக்கி, அடியிலுள்ள உருளையின் திருகாணியைச் சிறிது திருப்பி உயர்த்தலாம். கீல் வைத்த கதவு தாழ்பக்கம் தொங்கினால், கீற்பக்கத்துக் கீழ்மூலையிலும் அதற்கு எதிரான மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்திற்கும் இடையே பிளாஸ்டிக் ஆப்புக்களை வைத்து இறுக்குவர் வல்லோர். அப்பொழுது கண்ணாடியே கதவைத் தூக்கி நிறுத்தும். கீலுக்கும் தாழுக்கும் அடுக்களை எண்ணெய் இடுதல் கூடாது. புழுதி படிந்து சேறாகிவிடும்.

மலைமேல் வீடுகட்டுவோர்க்கு ஒரு வார்த்தை. சமவெளியில் அடைத்த கண்ணாடி இணையை உதகைக்கோ கொடைக்கானலுக்கோ கொண்டுசென்றால், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வெளியழுத்தம் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைதலால் கண்ணாடிகள் வயிறு வீங்கியதுபோல் புடைக்கும். சில வேளை உடையும். செய்விக்கும்போதே இடத்தைச் சொன்னால், அழுத்தம் சமன்படுதற்கு மெல்லிய குழாய் வைத்துத் தருவர்.

கடைசியாக, இரட்டைக் கண்ணாடி இட்டும் அறை சுடுகின்றதே என்னும் முறையீடு. இது பழுதன்று, எதிர்பார்ப்பின் பிழை. அசையாக் காற்று கடந்துவரும் வெப்பத்தைத் தடுக்குமேயன்றிக் கதிரவன் ஒளியைத் தடாது. தெளிந்த ஒற்றைக் கண்ணாடியின்மேல் வெயில் நூறு பங்கு விழுந்தால் ஏறத்தாழ 85 பங்கு வெப்பம் உள்ளே வரும். தெளிந்த இரட்டைக் கண்ணாடியில் 75 பங்கு. இவ்வேற்றுமைக்காகவா அத்துணைப் பணம்? மூன்று மணிக்குமேல் மேற்கே சாய்ந்துவரும் வெயிலுக்கு ஜன்னல்மேல் உள்ள தாழ்வாரப் பலகையும் உதவாது. கதிர் அதன் கீழே நேராகப் புகும். உள்ளே தொங்கும் திரையும் போதாது. கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் திரையிற் பட்டு அறையிலேயே தங்கும். மூங்கிற் பாயோ வெட்டிவேர்த் தட்டியோ கண்ணாடிக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கட்டவேண்டும். மாலையில் அதனைச் சுருட்டி, கதவைத் திறந்துவைத்தால் மலைக்காற்றும் வரும்.