பெற்றோர் இருக்கும் அநாதைகள்

மருதானை புகையிரத நிலைய வாசலிலோ கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலோ கையேந்தும் பிள்ளையைக் கண்டால், ‘பாவம், தாய் தகப்பன் இல்லாதது’ என்றுதான் நம் வாய் சொல்லும். கிறிஸ்தவ மிஷனரிக் குடும்பங்கள் கடல்கடந்து வந்து நடத்திய சிறுவர் பணியில் பெரும்பகுதி இந்த எண்ணத்தின் மேல்தான் எழுந்தது. ஆனால் அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு. 2005இல் ‘சேவ் த சில்ட்ரன்’ நிறுவனத்துக்காக இலங்கைச் சிறுவர் இல்லங்கள் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. அதை எழுதிய இருவரில் ஒருவர், 2024இல் பிரதமரான ஹரிணி அமரசூரிய. அந்த ஆய்வின்படி, தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 92 பேருக்குத் தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ, உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் அங்கே சேர்க்கப்பட்டதற்குக் காரணம் வறுமை. அநாதைக்கென்று கட்டிய வீட்டில் ஏழையின் பிள்ளை வளர்கிறது. அப்படியானால் அந்த வீட்டுக்குச் செலவிடும் பணத்தை, பிள்ளை வந்த வீட்டைத் தாங்குவதற்கல்லவா முதலில் செலவிட வேண்டும்?

இது இன்று நேற்று வந்த குழப்பம் அல்ல. நுவரெலியாவில் இல்லம் நடத்திய பெயின்டர் குடும்பத்தைப் பாருங்கள். தகப்பன் ஆங்கிலேயர், தாய் அனாகி வீரசூரிய, சிங்களப் பெண். இருவருமே மிஷனரிகள். மகன் டேவிட் 1900இல் இமயமலைப் பக்கம் அல்மோராவில் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவர்களில் வேதாகமக் காட்சிகளை இந்நாட்டு முகங்களோடும் இந்நாட்டு மரஞ்செடிகளோடும் தீட்டிய ஓவியர் அவர்தான். பெயின்டர் தம்பதி எடுத்து வளர்த்தது யாரை? தோட்டத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, இரண்டு பக்கமும் ஏற்காமல் விடப்பட்ட பிள்ளைகளை. அவர்களும் அநாதைகள் அல்லர். ஒரு துரையைப் பார்த்து ‘இது உன் பிள்ளை, நீ சோறு போடு’ என்று சொல்லும் துணிவு அன்றைய தோட்ட உலகில் எந்த அதிகாரிக்கும் இருக்கவில்லை. துரை செய்யாததை மிஷன் வீடு செய்தது. அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்த வீடு இருந்ததால் துரையின் கடமை கேட்பாரற்றுப் போனது என்பதும் உண்மை.

மிஷனரிக் குடும்பங்களிடம் இன்றைய தொண்டு நிறுவனங்களுக்கு வாய்க்காத ஒன்று இருந்தது: வந்தால் தங்கிவிடுவார்கள். வில்லியம் பூத்தும் கத்தரீனும் 1865இல் கிழக்கு லண்டன் ஏழைகளிடையே தொடங்கிய பணிதான் பின்னர் இரட்சணிய சேனை ஆனது. 1883 ஜனவரியில் அது கொழும்புக்கு வந்தது. அதன் மணமான அதிகாரிகள் கணவன் மனைவியாகவே பணிக்கு அனுப்பப்படுவது வழக்கம். ஊர்ப் பாஷை படித்து, சொந்தப் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே வளர்த்தவர்களை ஏழைச் சனம் நம்பியது. விடுமுறைக்கு வந்து, ஒரு மாதம் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிற இக்காலத் தொண்டர்மேல் அந்த நம்பிக்கை வருவதில்லை. அவர் போகும்போது, ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளை இன்னொரு தடவை கைவிடப்படுகிறது. இதைச் சேவை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்பான இல்லமாக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைச் சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான பராமரிப்புத் தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் மனிதரோடு ஒட்டுவதிலும் முன்னே சென்றார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கே பலன் அதிகம். நேரத்துக்கு நேரம் ஆள் மாறுகிற விடுதியில் ஒரு குழந்தையால் ஒருவரைத் தன்னுடையவர் என்று பற்றிக்கொள்ள முடிவதில்லை. எத்தனை நல்லவர்களை வேலைக்கு வைத்தாலும் இந்தக் குறை தீராது.

சரி, குடித்து அடிக்கிற தகப்பனிடமும் போதைப்பொருளுக்கு அடிமையான தாயிடமும் பிள்ளையை விடச் சொல்கிறீர்களா என்ற கேள்வி வரும். இல்லை. ஆபத்தான வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் அதன் 1929 தொலைபேசி இலக்கமும் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் அப்போதும் பாட்டி, மாமி, சித்தி, வளர்ப்புக் குடும்பம் என்று தேடிப் பார்த்த பிறகுதான் விடுதி. 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் இந்த வழியில்தான் நிற்கிறது. வறுமைக்கும் வன்முறைக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் தவறு.

இன்னொரு ஆட்சேபனை மதமாற்றம். சோறு கொடுப்பது சுவிசேஷத்துக்கான தூண்டில் என்ற சந்தேகம் இங்கே ஆழமானது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவை 2003இல் ஆராய்ந்த உயர் நீதிமன்றம், மதப் பரப்பலும் பொருளுதவியும் ஒன்றாகச் சேர்வது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அந்தத் தீர்மானம் கன்னியரின் உரிமையை மீறியது என்று 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. விசுவாசத்தால் உந்தப்பட்டுப் பணிசெய்ய அவர்களுக்குள்ள உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் பெரியவர் ஒருவர் பிரசங்கம் கேட்டு மனம் மாறுவது வேறு. படுக்கையும் சோறும் ஒரே கையிலிருந்து வரும் இடத்தில், மறுக்க வழியில்லாத எட்டு வயதுப் பிள்ளை ஜெபிக்கப் பழகுவது வேறு. பிள்ளை தன் வீட்டில், தன் தாயின் கண் முன்னே வளர்ந்தால் இந்தச் சந்தேகத்தில் பெரும்பகுதி தானாகவே விழுந்துவிடும். மிஷனுக்கும் அது நல்லது.

பிள்ளையை அதன் வீட்டிலேயே தாங்குவது மருதானையில் எப்படி இருக்கும்? பகலில் தெருவில் திரிகிற பிள்ளைகளில் அநேகர் இரவில் மாளிகாவத்தை, தெமட்டகொடைத் தோட்டங்களில் ஏதோ ஒரு அறைக்குத் திரும்புகிறவர்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி வைப்பது பல வேளைகளில் ஒரு தாள். பிறப்பு பதியப்படவில்லை, தாயிடம் விவாகச் சான்றிதழ் இல்லை, கிராம உத்தியோகத்தரிடம் காட்ட நிரந்தர விலாசம் இல்லை. இந்த ஊரில் தங்க வந்த ஒரு மிஷனரிக் குடும்பம், இல்லத்துக்குக் கட்டில் வாங்கும் காசில் ஒரு பகுதியை எடுத்து, அந்தத் தாயோடு பிரதேச செயலகத்துக்கு நடந்து, காலங்கடந்த பதிவையோ உத்தேச வயதுச் சான்றிதழையோ பெற்றுக் கொடுக்கலாம். பிறகு பாடசாலை அதிபரிடம் போகலாம், வாடகை பிந்திய மாதத்தில் கை கொடுக்கலாம், தாய் வேலையால் வரும் வரை பிள்ளைக்குச் சோறும் பாடமும் கொடுத்து மாலையில் வீட்டுக்கு அனுப்பலாம். படம் பிடித்து வெளிநாட்டுச் சபைக்கு அனுப்ப இதில் பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் காணிக்கை போடும் சபை, ‘எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தீர்கள்’ என்று கேட்பதை விட்டு, ‘எத்தனை பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்க முடிந்தது’ என்று கணக்குக் கேட்கத் தொடங்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்தநாளுக்கு இல்லங்களுக்குச் சோற்றுப் பொதி கொண்டுபோகிற நாமும் அதையே கேட்கலாம்.