சேராத மடல்

வைகையாற்றின் வடகரையில் கோரிப்பாளையம் என்னும் பகுதி உள்ளது. தென்கரை நகரோடு அதனை இணைக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்று இங்கிருந்து புறப்படும் மின்னஞ்சலுக்குப் பாலமும் வேண்டா, தபால் வண்டியும் வேண்டா. ஆயினும் சிற்சில வேளைகளில் அதுவும் வழியில் நின்றுவிடுகிறது.

இப்பகுதியில் வாழும் மாணவி ஒருத்தி, வெளியூர்க் கல்லூரிக்குத் தன் சான்றிதழ்களை மின்னஞ்சலில் அனுப்புகிறாள் எனக் கொள்க. மறுநாள் மாலை ஐந்து மணியோடு காலக்கெடு முடிகிறது. கணினிக் கடையில் அமர்ந்து அவள் அனுப்பிய மடல் சென்று சேரவில்லை. அவள் செய்யத்தக்கது யாது?

முதற்கண், வேறு இணையப் பக்கம் ஏதேனும் திறக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். எதுவுமே திறவாதாயின் குறை இணைப்பில் உள்ளது. மடலை நோவதிற் பயனில்லை. பக்கங்கள் யாவும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி மறுக்குமாயின், கணினியின் கடிகாரத்தை நோக்குதல் நன்று. உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது, மறுமுனையிலுள்ள நிலையம் காட்டும் அடையாளச் சான்று இன்னும் நடப்புக்கு வராத ஒன்றாகவே அக்கணினிக்குத் தோன்றும். இதனை அறியாதார் கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றி அல்லலுறுவர்.

இணைப்பு செம்மையாக இருப்பின் அடுத்து நோக்கத்தக்கது முகவரி. பெயரையும் நிலையத்தையும் பிரிக்கும் @ என்னும் குறியை இப்பணிக்குத் தேர்ந்தவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆண்டு 1971. அக்குறிக்குப் பின் ஓரெழுத்துப் பிழைத்தாலும் மடல் வேறு நிலையத்தைத் தேடி அலையும். தெருப்பெயர் பிழைத்த உறையையும் ஊரறிந்த தபால்காரர் உரியவரிடம் சேர்ப்பதுண்டு. கணினிக்கு அத்தகைய பழக்கம் இல்லை.

சேர்க்க இயலாத மடலைப் பற்றி அனுப்பியவருக்கு ஓர் அறிவிப்பு வரும். அது ஆங்கிலத்தில் நீண்டிருத்தலால் பலர் படியாமலே அழித்துவிடுகின்றனர். உண்மையில் மருந்துச்சீட்டே அதுதான். அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைக் காண்க. ஜான் போஸ்டல் என்பார் 1982-இல் எழுதிய விதிநூலில் இவ்வெண்கள் வகுக்கப்பெற்றன. நான்கில் தொடங்கும் எண், தடை தற்காலிகமானது எனக் கூறும். நிலையமே இடைவிட்டு மீண்டும் மீண்டும் முயலும். ஐந்தில் தொடங்கும் எண்ணோ முடிவான மறுப்பு. 550 என்பது பெரும்பாலும் அத்தகைய பெயருடைய பெட்டி இல்லை என்பதைக் குறிக்கும். 552 என்பது அளவு மிகுந்தது என்பதாம்.

மாணவிக்கு வந்த எண் 552. அவள் இணைத்த சான்றிதழ்ப் படங்களின் அளவு 20 மெகாபைட்; கல்லூரியின் நிலையம் ஏற்கும் எல்லையோ 25. அவ்வாறிருந்தும் மறுப்பானேன்? மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்துகளைச் சுமக்கவே அமைந்தது. ஆகவே படங்கள் எழுத்துருவாக மாற்றப்பெற்றே பயணம் செய்கின்றன. அம்மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகின்றன. இருபது ஏறக்குறைய இருபத்தேழாயிற்று. அவள் படங்களைச் சுருக்கி மீண்டும் அனுப்பினாள்.

இம்முறை மறுப்பு வரவில்லை. கல்லூரியிலிருந்து ஏற்பும் வரவில்லை. நிலையம் மடலை ஏற்றுக்கொண்டது என்பதற்கும், உரியவர் அதைக் கண்டார் என்பதற்கும் இடையே ஒரு வாயில் உண்டு. வேண்டா மடல்களைப் பிரித்தெடுக்கும் கருவி, அறியாத முகவரியிலிருந்து பெரிய இணைப்புகளோடு வரும் நல்ல மடலையும் ஐயுற்று ஸ்பேம் என்னும் பெட்டியில் தள்ளிவிடக்கூடும். அதை அனுப்பியவர் அறிய வழியில்லை. மறுநாட் காலை மாணவி கல்லூரி அலுவலகத்திற்குத் தொலைபேசியிற் பேசி, அப்பெட்டியையும் பார்க்குமாறு பணிவுடன் வேண்டினாள். நண்பகலுக்குள், மடல் கிடைத்தது என்னும் ஒருவரி விடை அவளுக்கு வந்தது.