ஊட்டி எதுக்கு? சத்தியைச் சுற்றியே ஒரு நாள் டூர்!

லீவு விட்டால் போதும், சத்திக்காரர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மைசூருக்கோ, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு நாளுக்குத் தேவையான அழகும் ருசியும் இருக்கிறது மக்களே!

மீன் வாசமே வழிகாட்டும்!

கோபி போகும் வழியில் பிரிந்தால் கொடிவேரி அணை. பவானி ஆறு அருவி மாதிரி கொட்டும் இடத்தில் குளித்துவிட்டுப் பசியோடு கரையேறினால், மசாலா தடவிய மீன் சுடச்சுடப் பொரிந்துகொண்டிருக்கும். பவானிசாகர் அணைப் பக்கமும் இப்படி வறுவல் கடைகள் உண்டு. பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். கேட்ட பிறகு பொரித்துத் தரும் கடையைப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சினிமாவில் பார்த்த வீடு!

கோபி வட்டாரக் கிராமங்களின் இன்னொரு அழகு, தொட்டிக்கட்டு வீடுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், ஓட்டுக்கூரை. மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழும். இந்த வீடுகளையும் வயல்களையும் தேடி சினிமாக்காரர்கள் வந்ததால்தான் கோபிக்கு 'சின்னக் கோடம்பாக்கம்' என்று பெயர்.

ஆனால் பாகப்பிரிவினை, பராமரிப்புச் செலவு என்று பல வீடுகள் இடிபட்டு கான்கிரீட் ஆகிவிட்டன. மிச்சமிருப்பவை காட்சிக்கூடங்கள் அல்ல. குடும்பங்கள் வாழும் வீடுகள். வாசலில் நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் போனை எடுங்கள். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அடுத்த லீவுக்கு அந்த வீடு இருக்குமா என்பது நிச்சயமில்லை.