கிணற்று நீர் உப்பாகிவிட்டதா? காய்கறிப் பயிரைக் காக்கும் வழிகள்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. ஆனால் உப்பு மிஞ்சிய நிலத்தில் பண்டமே விளையாது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர், பொன்னேரி வட்டார உழவர்கள் நன்கு அறிவர்.

ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையான இப்பகுதி ஒரு காலத்தில் நன்னீர் ஊற்றுக்குப் பெயர் பெற்றது. 1960-களில் தொடங்கி சென்னையின் குடிநீருக்காகவும், ஆலைகளுக்காகவும், பாசனத்துக்காகவும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. விளைவு, 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை நிலத்தடியில் புகுந்திருந்த கடல்நீர், 1983-ல் சுமார் 7 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. கடலோரத்தில் நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறும் என்பது அறிவியல் கணக்கு.

உவரா, களரா?

முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருக்கும். (முன்பு மில்லிமோ என்று குறித்ததும் இதே அளவுதான்.) களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டியிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். ஜிப்சம் களருக்கு மருந்து. வெறும் உவருக்கு ஜிப்சம் இட்டால் பணம்தான் வீண். அங்கே நல்ல நீரால் உப்பைக் கழுவி வடிப்பதே வழி.

பாசன நீரில் இந்த அளவு 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது.

எந்தப் பயிர் தாங்கும்?

மண்ணில் உப்பு 4 டெசிசைமன் இருந்தால், பீன்ஸ் விளைச்சல் பாதிக்கு மேல் போய்விடும். வெங்காயத்தில் சுமார் 45 சதவீதம், மிளகாயில் 35, கத்தரியில் 20, தக்காளியில் 15 சதவீதம் குறையலாம். காராமணியும் கொத்தவரையும் இந்த அளவைத் தாங்கும். கொத்தவரை 8 வரை கூட அசையாது. ஆகவே உப்பு ஏறிய நிலத்தில் வெங்காயத்தைக் கட்டி அழுவதைவிடக் கொத்தவரை விதைப்பது மேல்.

செய்ய வேண்டியவை

1. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதற்கு முன்பே வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன் செய்து, மழைநீரை வயலிலேயே தேக்குங்கள். ஓர் அடி ஆழ மண்ணின் வழியே ஓர் அடி நீர் இறங்கினால் உப்பில் சுமார் 80 சதவீதம் கழுவப்படும். கழுவிய நீர் வெளியேற வடிகால் அவசியம். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்கள் பலவற்றை மீட்டதில் மழைக்குப் பெரும் பங்கு உண்டு.

2. பார் உச்சியில் நடாதீர்கள். நீர் ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் பூக்கும். பாரின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் நடுங்கள்.

3. இளம் நாற்றுக்கு உப்பு எமன். நாற்றங்காலுக்கு மட்டுமாவது மழைநீரோ குட்டை நீரோ பயன்படுத்தி, நன்கு தேறிய நாற்றை நடவு செய்யுங்கள்.

4. சிறிது சிறிதாக, அடிக்கடி நீர் பாய்ச்சுங்கள். சொட்டுநீர் சிறந்தது. லேசான மழை தூறும்போது அதை நிறுத்திவிடக் கூடாது. ஓரத்தில் ஒதுங்கிய உப்பு வேருக்குத் திரும்பிவிடும். தெளிப்பு நீர் வேண்டாம், இலை கருகும்.

5. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தொழுஉரம் தாராளமாக இடுங்கள். வைக்கோல் மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும். மியூரேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு உள்ளதால், சல்பேட் ஆப் பொட்டாஷ் இடுவது நல்லது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிக் கிணறு வைத்திருப்போர், உப்போடு உலோகங்களுக்கும் சேர்த்து நீரைப் பரிசோதிக்க வேண்டும். மேற்கண்ட முறைகள் உப்பைத் தாங்க உதவுமேயன்றி, ஆலைக் கழிவு கலந்த நீரை நல்லதாக்கா. பரிசோதனை பற்றியும் பயிர் பற்றியும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

2000-க்குப் பின் வறட்சிக் காலங்களில் இப்பகுதி உழவர் கிணற்று நீரைச் சென்னை விலை கொடுத்து வாங்கியது. கையில் காசு வந்தது உண்மை. ஆனால் இறைத்த அளவுக்கு மழைநீர் உள்ளே இறங்காவிட்டால், அந்த இடத்தை நிரப்பக் கடல் காத்திருக்கிறது. ஏரியைத் தூர்வாரிப் பண்ணைக் குட்டை வெட்டுவோம். மழை தரும் நன்னீரை மண்ணுக்குள் சேர்ப்பதே, அடுத்த தலைமுறையும் இங்கே கத்தரி பறிக்க நாம் செய்யும் முதல் உரமிடல்.