பூட்டிய அலுமாரிகளும் புதிய கல்வியாண்டும்

புதிய கல்வியாண்டுக்கான ஆயத்தங்கள் என்றதும் கட்டடம், தளபாடம், ஆசிரியர் வெற்றிடம் என்பனவே முதலில் பேசப்படுகின்றன. நூலகத்தின் முறை வரும்போதும் சுவருக்கு வர்ணம் பூசி, புதிய அலுமாரிகளை வைத்து, அன்பளிப்பு நூல்களை அடுக்கிவிட்டால் பணி நிறைவுற்றதாகவே கருதப்படுகின்றது. யாழ். குடாநாட்டின் கல்லூரி நூலகங்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்பதே நமது கருத்தாகும்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும். 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். மறு ஆண்டில் அம்முயற்சி ஓர் அறைக்கு இடம்மாறிப் பொது நிறுவனமாயிற்று. எழில்மிகு கட்டடம் திறந்து வைக்கப்பட்டதோ 1959ஆம் ஆண்டிலேயே. கட்டடம் எழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே அங்கு நூலகம் இருந்தது. ஏனெனில் நூல்கள் வாசகர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தன.

அந்தக் கட்டடத்தின் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் ஒருவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்க வேண்டும் என்பனவே அவற்றின் சாரமாகும்.

முதலாவது விதியே நமக்குக் கடினமானது. மத்திய கால ஐரோப்பாவில் நூல்களை மேசையுடன் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். நாம் அலுமாரிக்குப் பூட்டுப் போடுகின்றோம். 1981ஆம் ஆண்டு ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்கிரையாகக் கொடுத்த மண்ணில், எஞ்சியவற்றைக் காப்பாற்றும் துடிப்பு இயல்பானதே. அத்துடன், தொலையும் நூலுக்குத் தாமே பதில் கூற நேரிடும் என்ற அச்சமும் பொறுப்பாசிரியரிடம் இருக்கின்றது. ஆயினும் எவரும் தொடாத நூலும் இழந்த நூலே. அரிய நூல்களைத் தனியே பாதுகாத்து, ஏனையவற்றைத் தாராளமாக இரவல் வழங்குவதும், நியாயமான அளவு இழப்பைப் பொறுப்பாசிரியர் மீது சுமத்தாதிருப்பதும் நிர்வாகத்தின் கடமையாகும்.

இரண்டாவதும் மூன்றாவதும் நூல் தெரிவு பற்றியவை. வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் நூல்கள் மாணவரின் வயதுக்கும் மொழித் திறனுக்கும் பொருந்துகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். தேவைப்படும் நூல்களின் பட்டியலை ஆண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தயாரித்து, நன்கொடையாளரான பழைய மாணவர்களிடம் கொடுப்பது பயன் தரும்.

நான்காவது விதி ஒழுங்கமைப்பைச் சார்ந்தது. பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் இல்லாத நூலகத்தில் தேடுவதிலேயே இடைவேளை கழிந்துவிடும். இவற்றைச் செய்யப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். நூலகத்துக்கென ஒதுக்கப்படும் பாடவேளையைப் பரீட்சைப் பாடங்கள் விழுங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரத்தியேக வகுப்புகளுக்கு ஓடும் மாணவருக்கு அமைதியாக வாசிக்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றாகவே இருக்கக் கூடும்.

ஐந்தாவதான வளர்ச்சி, எண்ணிக்கையில் மட்டும் அடங்குவதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனது சஞ்சிகைகள், மலர்கள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றைத் திரட்டி ஓர் உள்ளூர்ப் பகுதியை அமைக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள், அத்தகைய ஆவணங்களை இணையத்தில் பேண முடியும் என்பதைக் காட்டியுள்ளன. அந்தப் பகுதி குடாநாட்டின் அனைத்து மக்களுக்கும் உரியதாக இருத்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், வீடுகளுடன் தமது நூல்களையும் பத்திரங்களையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியில் பயின்று, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர் ஏ. எம். ஏ. அஸீஸ். அவரது எழுத்துகள் குடாநாட்டின் கல்லூரி அலுமாரிகளில் இல்லையெனில், நமது பிள்ளைகள் தமது ஊரின் வரலாற்றில் ஒரு பாதியை அறியாமலேயே வளர்வார்கள்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. புதிய கட்டடத்துக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. இவ்வாண்டு எத்தனை நூல்கள் கிடைத்தன என்பதை மட்டுமன்றி, எத்தனை நூல்கள் மாணவரின் வீடுகளுக்குச் சென்று திரும்பின என்பதையும் கல்லூரிகள் தமது ஆண்டறிக்கையில் வெளியிட முன்வர வேண்டும். அந்த எண்ணிக்கையே நூலகத்தின் உண்மையான நிலையைக் கூறும் என்பதை அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெற்றோரும் கருத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.